டிரம்ஸே இல்லாம தரை அதிருது: புவெனஸ் அயர்ஸ்ல நேர்ல கேட்ட இன்னைய டேங்கோ

ஓர்கெஸ்தா டிபிகா ஃபெர்னாண்டஸ் ஃபியர்ரோன்னு அர்ஜென்டினால ஒரு டேங்கோ குழு இருக்கு. நாலு பந்தோனியான் (அக்கார்டியன் மாதிரி துருத்தி வச்ச பெட்டி), மூணு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, ஒரு டபுள் பாஸ், ஒரு பியானோ, பாட ஒரு ஆளு. டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது, தாளம்னு தனியா ஒரு வாத்தியமே கிடையாது. ஆனா இவங்க வாசிக்க ஆரம்பிச்சா நம்ம உக்காந்திருக்கிற நாற்காலி அதிரும், நெஞ்சுக்குள்ள ஏதோ இடிக்கிற மாதிரி இருக்கும். நான் எத்தனையோ ராக் கச்சேரி போயிருக்கேன், சபா கச்சேரி போயிருக்கேன், இந்த அனுபவம் எதுலயும் எனக்குக் கிடைச்சதில்ல. ஊருக்கு வந்து பாக்கிறவங்ககிட்ட எல்லாம் இதையேதான் சொல்லிட்டு இருக்கேன், வாயால சொன்னா பத்தலன்னுதான் இப்போ எழுதவே உக்காந்துட்டேன்.

ஆபீஸ் வேலையா சாவோ பாலோ போக வேண்டி இருந்துச்சு, அவ்வளவு தூரம் போறோமே, பக்கத்துலதானே அர்ஜென்டினான்னு லீவு சேத்துப் போட்டு புவெனஸ் அயர்ஸ் போயிட்டேன். டேங்கோ பத்தி அப்போ எனக்குத் தெரிஞ்சது ரெண்டு விஷயம். ஒண்ணு பியாசோலாங்கிற அர்ஜென்டினா இசையமைப்பாளர், அவரோட லிபர்டேங்கோ 1974-ல வந்தது, அதைக் கேக்காத ஆளே உலகத்துல இருக்க முடியாது, விளம்பரத்துல கூட எங்கயாவது வந்துடும். இன்னொண்ணு 2001-ல பாரிஸ்ல இருந்து கோதான் ப்ராஜெக்ட்னு ஒரு குழு கம்ப்யூட்டர் பீட் போட்டு வெளியிட்ட ஆல்பம், காபி ஷாப்ல எல்லாம் ஓடுச்சே, அது. நவீன டேங்கோன்னா இந்த ரெண்டும்தான், மத்ததெல்லாம் தாத்தா காலத்து ரெக்கார்டு, அதைப் போட்டு ஜோடி ஜோடியா ஆடுவாங்க, இவ்வளவுதான் என் மனசுல இருந்த படம். நம்ம பக்கம் டேங்கோன்னு யார்கிட்ட கேட்டாலும் ஏறக்குறைய இதுதான் வரும்னு நினைக்கிறேன், அதுவும் டான்ஸ்னுதான் சொல்லுவாங்க, இசைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

நான் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸ்ல ராத்திரி ஷிஃப்ட் பாக்கிற பையன் பந்தோனியான் படிக்கிறவன். முன்னாடி ஹால்ல யாரும் இல்லாத நேரத்துல அந்தப் பெட்டியை மடியில வச்சுட்டு மெதுவா எதையோ திரும்பத் திரும்ப வாசிச்சுட்டு இருப்பான். நான் பக்கத்துல போய் உக்காந்து கேட்டேன். அவனுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷும் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்பானிஷும் சேந்து ஒருவழியா பேச்சு ஓடுச்சு. சின்ன வயசுல நான் கர்நாடக வயலின் கொஞ்ச வருஷம் கத்துக்கிட்டதைச் சொன்னதும் அவன் முகமே மாறிடுச்சு, பெட்டியைத் தூக்கி என் மடியிலயே வச்சுட்டான்.

அந்தக் கருவியைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். ஹார்மோனியம், அக்கார்டியன் குடும்பம்தான், துருத்தியில காத்தை அடைச்சு உள்ள இருக்கிற உலோக நாக்கை அதிர வைக்கிறது. ஆனா கட்டை கிடையாது, ரெண்டு பக்கமும் பொத்தான், வலது கைக்கு 38, இடது கைக்கு 33, மொத்தம் 71. இதுல கொடுமை என்னன்னா ஒரே பொத்தானை அழுத்திக்கிட்டு துருத்தியை விரிச்சா ஒரு ஸ்வரம், மூடினா வேற ஸ்வரம். அந்தப் பொத்தானாவது ச ரி க மன்னு வரிசையா இருக்கான்னா அதுவும் இல்ல, காலப்போக்குல ஓரம் ஓரமா சேத்துச் சேத்து வச்சது, எங்கயோ ஒரு ஸ்வரம் எங்கயோ அடுத்த ஸ்வரம். ஆக வாசிக்கிறவங்க ரெண்டு கைக்கும் விரிக்கிறதுக்கு ஒண்ணு மூடுறதுக்கு ஒண்ணுன்னு நாலு வரைபடத்தை மண்டையில வச்சிருக்கணும். அதனாலயே நிறைய பேரு விரிக்கிறப்போதான் முக்கியமான வரியை வாசிக்கிறாங்க, முடிஞ்சதும் வலது கட்டைவிரல் பக்கத்துல ஒரு லீவர் இருக்கு, அதை அழுத்தி காத்தை வெளிய விட்டுட்டு சட்டுனு மூடிடுறாங்க. அந்த மூடுற நேரத்துல புஸ்ஸுன்னு ஒரு மூச்சுச் சத்தம் வரும் பாருங்க, மைக் பக்கத்துல இருந்தா அது நல்லாவே கேக்கும், எனக்கு அந்த மூச்சுதான் ரொம்பப் பிடிச்சது.

இது பொறந்தது ஜெர்மனில, 1840-கள்ல க்ரெஃபெல்டுங்கிற ஊர்ல ஹைன்ரிச் பாண்ட்னு ஒருத்தரோட பேரால. அப்புறம் கடல் தாண்டி, புவெனஸ் அயர்ஸ் இருக்கிற ரியோ தெ லா பிளாத்தா ஆத்துக் கரைக்கு வந்து டேங்கோவோட குரலாவே ஆயிடுச்சு. உலகத்துலயே உசத்தின்னு சொல்றது கார்ல்ஸ்ஃபெல்டுங்கிற ஊர்ல ஆல்ஃப்ரட் அர்னால்ட் கம்பெனி செஞ்சது, அர்ஜென்டினால அதை 'தோப்ளே ஆ'ன்னு கூப்பிடுறாங்க, பெட்டியில ரெண்டு ஏ எழுத்து இருக்கும். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அந்த ஊரு கிழக்கு ஜெர்மனி பக்கம் போயி கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கிட்டு, அங்க பந்தோனியான் செய்றதே நின்னு போச்சு. அதனால இன்னைக்கு மேடையில பாக்கிற நல்ல பெட்டி பெரும்பாலும் போருக்கு முன்னாடி செஞ்சது. வெளிநாட்டுக்காரங்க காசு கொடுத்து வாங்கிட்டுப் போய்க்கிட்டே இருந்ததால 2009-ல அர்ஜென்டினா அதுக்குன்னே ஒரு சட்டம் போட்டு பழைய பந்தோனியானை நாட்டை விட்டு ஒரேயடியா எடுத்துட்டுப் போறதைத் தடுத்திருக்கு. அந்தப் பையன் வச்சிருந்தது கூட சொந்தம் இல்ல, அவனோட வாத்தியார் இரவல் கொடுத்தது. நான் ஒரு பொத்தானை அழுத்தி விரிச்சுப் பாத்தேன், அந்த ஒரே ஒரு ஸ்வரத்துல இவ்வளவு கனம் இருக்கும்னு நான் எதிர்பாக்கல, சத்தம் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி தொடை வழியா வந்துச்சு.

அவன்தான் கேட்டான், "நண்பா, புதன்கிழமை ராத்திரி ஏதாவது பிளான் இருக்கா?" டின்னரோட சேத்து ஒரு டேங்கோ ஷோ இருக்குன்னு டிராவல் ஏஜென்ட் சொல்லியிருக்காரு, ஹோட்டல்லயே வந்து கூட்டிட்டுப் போவாங்களாம்னு சொன்னேன். "அதுவும் பாருங்க, அங்க வாசிக்கிறவங்க எல்லாரும் பெரிய கலைஞருங்கதான், அவங்களுக்கு வீட்டு வாடகை அதுலதான் வருது. ஆனா புதன்கிழமையை மட்டும் காஃபுக்கு விட்டு வைங்க"ன்னான். காஃப்னா க்ளப் அத்லெத்திகோ ஃபெர்னாண்டஸ் ஃபியர்ரோ, பேரைக் கேட்டா ஏதோ கால்பந்து க்ளப்னுதான் தோணும், ஆனா அது அந்த ஆர்கெஸ்ட்ரா அவங்களே நடத்துற இடம்.

அது இருக்கிறது அபாஸ்தோ ஏரியாவுல. மெட்ரோல பி லைன் ஏறி கார்லோஸ் கார்டெல் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தேன். ஸ்டேஷன் பேரே டேங்கோ பாடகர் பேருதான், 1935-ல கொலம்பியாவோட மெதெயின்ல விமான விபத்துல செத்துப்போன கார்டெல், அவர் வாழ்ந்த பேட்டை இது, அவர் வீடு இப்போ மியூசியம், சுவர்ல எல்லாம் அவர் சிரிக்கிற முகம்தான். பழைய காய்கறி மார்க்கெட் கட்டடம் ஷாப்பிங் மால் ஆயிடுச்சு. அதைத் தாண்டி உள்தெருவுல போனா, முன்னாடி கார் ரிப்பேர் பண்ற மெக்கானிக் ஷெட்டா இருந்த ஒரு கட்டடம், அதான் காஃப். உயரமான கூரை, சிமெண்ட் தரை, நெருக்கி நெருக்கிப் போட்ட மேஜை நாற்காலி, பீர், ஒயின், எம்பனாதான்னு சோமாஸ் மாதிரி ஒரு பலகாரம். கோட்டு சூட்டு போட்ட டூரிஸ்ட் கூட்டம் இல்ல. காலேஜ் பசங்க, வேலை முடிஞ்சு நேரா வந்தவங்க, வயசான தம்பதி, டாட்டூ போட்ட பொண்ணுங்க, எல்லாரும் கலந்து. ஆடுறதுக்கு இடமே விடல, கவனிச்சீங்களா, டேங்கோ கேக்கிற இடத்துல ஆட இடம் இல்ல. எல்லாரும் கேக்க மட்டும்தான் வந்திருக்காங்க.

லைட் அணைஞ்சுச்சு. முன் வரிசையில நாலு பந்தோனியான்காரங்க, தொடையில பெட்டி. பின்னாடி வில் போட்டு வாசிக்கிறவங்க, ஒரு ஓரத்துல பியானோ, டபுள் பாஸ்ல யூரி வெந்துரின், அவர்தான் குழுவோட இயக்குநர், நிறைய இசையமைப்பும் அவரோடது. கம்பு வச்சுக்கிட்டு நடத்துறதுக்கு யாரும் எழுந்து நிக்கல. எல்லாரும் சேந்து ஒரு மூச்சு இழுத்தாங்க, அப்புறம் முதல் அடி விழுந்துச்சு.

முதல் அடி நேரா வந்து விழுறது இல்ல, இதை எழுத்துல எப்படிச் சொல்றதுன்னு தெரியல, முயற்சி பண்றேன். தாளம் விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே டபுள் பாஸ், பியானோவோட இடது கை, பந்தோனியானோட கீழ் ஸ்வரங்கள் எல்லாம் ஒண்ணா ஊர்ந்து வந்து, கனமான எதையோ தரையில இழுத்துட்டு வர்ற மாதிரி, அந்த இழுவை முடியுற இடத்துல டக்குனு அடி. இதுக்கு அர்ராஸ்த்ரேன்னு பேரு. பழைய 78 ரெக்கார்டுல இது அரைகுறையாத்தான் பதிஞ்சிருக்கு, அந்தக் காலத்து மைக்கும் தட்டும் கீழ் ஸ்தாயி சத்தத்தைச் சரியாப் பிடிக்காது, நம்ம போன் ஸ்பீக்கர்ல கேட்டா சுத்தமாக் காணோம். நேர்ல கேக்கிறப்போதான் டேங்கோவுக்கு ஏன் டிரம்ஸ் தேவைப்படலன்னு புரிஞ்சுச்சு. அந்த இழுவையே போதும், அது உடம்பை முன்னால தள்ளுது.

அதோட நிக்கல. ஒவ்வொரு வாத்தியத்துலயும் தாளத்தை ஒளிச்சு வச்சிருக்காங்க. வயலின்காரங்க வில்லைக் குதிரைக்குப் பின்பக்கம், அதாவது நம்ம வாத்தியார் பாத்தா அடிக்க வருவாரே அந்த இடத்துல வச்சு, கரகரன்னு தேய்க்கிறாங்க, உப்புத்தாள் தேய்க்கிற சத்தம், அதுக்குப் பேரு சிச்சாரா. சாட்டை வீசுற மாதிரி ஒரு கமகம் சர்ருனு, அதுக்கு லாத்திகோ. டபுள் பாஸ்காரர் வில்லால ஒரு இழுப்பு இழுத்து அதே கையோட தந்தி மேல பட்டுனு ஒரு அறை. பந்தோனியான்காரங்க மரப்பெட்டியிலயே விரலால தட்டுறாங்க. இதெல்லாம் இந்தப் பசங்க கண்டுபிடிச்சது இல்ல, 1920-கள்ல ஹூலியோ தெ காரோ குழு காலத்துல இருந்தே டேங்கோவுல இருக்கிறதுதான், ஆனா இவங்க அதை ராக் கச்சேரி வால்யூம்ல, அழுக்கா, முழு பலத்தோட பண்றாங்க. முன் வரிசையில நாலு பேரும் ஒரே நேரத்துல துருத்தியை விரிச்சு முட்டியை மேல தூக்கி ஒண்ணா இறக்குறப்போ அது வாசிக்கிற மாதிரியே தெரியல, சேந்து ஏதோ பாரம் தூக்குறாங்கன்னு தோணும்.

இன்னொரு விஷயம் எனக்கு உடனே பிடிபட்டுச்சு, சின்ன வயசு வயலின் கிளாஸ் புண்ணியம். பாதிப் பாட்டுல எட்டு மாத்திரையை மூணு மூணு ரெண்டா உடைக்கிறாங்க. தகிட தகிட தக. மேஜைக்கு அடியில கை தானா தட்டிக்கிட்டு இருந்துச்சு, தகிட தகிட தக, தகிட தகிட தக. பியாசோலா இதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கினாரு, ஆனா இதோட வேரு அவருக்கு முன்னாடியே, மிலோங்கான்னு டேங்கோவுக்கு நெருங்கின ஒரு பாட்டு வகையில இருக்கு. பக்கத்து மேஜையில ஒரு பெரியம்மா, எழுபது வயசு இருக்கும், என் கையைப் பாத்துட்டு தலையை ஆட்டி சிரிச்சாங்க, அவங்களும் அதே இடத்துல அதே மாதிரி ஒயின் கிளாஸ்ல தட்டிட்டு இருந்தாங்க. எங்க இருந்துப்பா வர்றன்னு கேட்டாங்க, இந்தியான்னதும் "இவ்வளவு தூரத்துல இருந்து இந்தப் பசங்களைக் கேக்கவா வந்தே"ன்னு என் தோளைத் தட்டினாங்க. அவங்க பேத்தி கூட்டிட்டு வந்திருக்கா. சின்ன வயசுல அவங்க அப்பா ரேடியோவுல புக்லியேசேங்கிற பழைய டேங்கோ மேதையோட குழுவைக் கேப்பாராம், "அதே வீட்டு வாசனை, ஆனா ஆளுங்க புதுசு"ன்னாங்க.

நான் போனப்போ பாடினது நத்தாலியா லாகோஸ். அவங்களுக்கு முன்னாடி ஹூலியெத்தா லாசோ, அதுக்கும் முன்னாடி பல வருஷம் சினோ லபோர்தே. பாட்டு எதுவும் தெருவிளக்கு, இழந்த காதல், அம்மா பாசம்னு பழைய தினுசுல இல்ல, பெரும்பாலும் குழுவே எழுதினது, இன்னைக்கு அந்த ஊர்ல வாழுறவங்க கோவமும் களைப்பும் அதுல இருக்கு. எனக்கு வார்த்தை பாதி புரியல. ஆனா அவங்க கத்தல, கிசுகிசுக்கிற அளவுக்கு இறங்கி ஒரு வரியைப் பாடறாங்க, பின்னாடி பதினோரு பேரும் அவங்களுக்காகத் தாளத்தைத் தளர்த்திக் காத்திருந்து, அடுத்த வரியோட முதல் எழுத்துல எல்லாரும் ஒண்ணா வந்து சேர்றாங்க. யாரும் கை காட்டல, யாரும் எண்ணல. தாளம் நீள்றதும் சுருங்குறதும் பன்னெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரிஞ்சிருக்கு. பல வருஷம் வாராவாரம் ஒண்ணா உக்காந்து வாசிச்சா மட்டும்தான் இது வரும், வேற குறுக்குவழி கிடையாது.

இது எப்படி உருவாச்சுன்னு அப்புறம் அந்தப் பையன்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், நானும் தேடிப் படிச்சேன். 1930-கள் நடுவுல இருந்து 50-கள் நடுவு வரைக்கும் டேங்கோவுக்குப் பொற்காலம். தாரியென்ஸோ, தி சார்லி, த்ரொய்லோ, புக்லியேசேன்னு பெரிய பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள், ஊரே ஆடுச்சு. 1955-ல ஜனாதிபதி பெரோனை ராணுவம் கவுத்துச்சு, ராக் அண்ட் ரோல் வந்துச்சு, பத்துப் பன்னெண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து குழு நடத்துறது கட்டுப்படியாகாமப் போச்சு, 1976-ல இருந்து 83 வரைக்கும் இருந்த ராணுவ ஆட்சி வேற. ஒரு தலைமுறை முழுக்க டேங்கோவை அப்பா அம்மா காலத்து விஷயம்னு ஒதுக்கிடுச்சு. பெருசுங்க வாசிச்சுட்டுதான் இருந்தாங்க, கத்துக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. அதுல ஒரு பெரிய சிக்கல் என்னன்னா, எங்க இழுக்கணும் எங்க அழுத்தணும் சிச்சாரா எப்படிப் போடணும்ங்கிறது நோட்டேஷன்ல முழுசா இருக்காது. பக்கத்துல உக்காந்து வாசிச்சுத்தான் கை மாறும். பெருசுங்க போயிட்டா அதுவும் போயிடும். பாடாந்தரம்னு நாம மதிக்கிற விஷயம் அங்கயும் அதே அளவுக்கு உயிர்நாடி.

இதைப் புரிஞ்சுக்கிட்டு 2000-ல எமிலியோ பல்கார்ஸேங்கிற பெரியவரைத் தலைமையா வச்சு ஒரு பள்ளி ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சாங்க, அந்த யோசனை இக்னாசியோ வார்சவ்ஸ்கின்னு ஒரு இளைஞரோடது, டபுள் பாஸ் வாசிக்கிறவரு. பல்கார்ஸே பல வருஷம் புக்லியேசே குழுவுல வயலின் வாசிச்சவர், எண்பதைத் தாண்டின வயசுல பேரன் பேத்தி வயசுப் பசங்களுக்கு முன்னால நின்னு, இது த்ரொய்லோ பாணி, இது தி சார்லி பாணி, வில்லை இப்படிப் பிடின்னு சொல்லிக் கொடுத்திருக்காரு. மத்த பழைய மேதைகளும் வந்து சொல்லிக் கொடுத்தாங்க. அந்தப் பசங்கதான் இன்னைக்கு ஊர் முழுக்க வாசிக்கிறாங்க. எனக்கு இந்த மொத்தக் கதையில ரொம்ப மரியாதை வர்ற ஆளு அவர்தான், 2011-ல காலமாயிட்டாரு.

இன்னொரு பக்கம் ஹூலியான் பெரால்தா. பியானோக்காரர், ஃபெர்னாண்டஸ் ஃபியர்ரோவைத் தொடங்கினவங்கள்ல முக்கியமானவர், அப்புறம் வெளிய வந்து அஸ்தியேரோன்னு ஆறு பேரு குழு ஆரம்பிச்சாரு. பெருசுங்க கையில மட்டும் இருந்த அந்த நுட்பம் எல்லாத்தையும் எடுத்து, டேங்கோ ஆர்கெஸ்ட்ராவுக்கு எப்படி இசை எழுதணும்னு 2008-ல ஒரு புத்தகமே போட்டுட்டாரு. இன்னைக்குப் புதுசா குழு ஆரம்பிக்கிற பசங்க அதைப் படிக்காம ஆரம்பிக்கிறதில்லன்னு அந்தப் பையன் சொன்னான், அவன் காப்பி ஓரமெல்லாம் கிழிஞ்சு கிடந்துச்சு.

ஃபெர்னாண்டஸ் ஃபியர்ரோ இந்தப் பேர்ல தொடங்கின வருஷம் 2001. அந்த வருஷ டிசம்பர்ல அர்ஜென்டினா பொருளாதாரம் இடிஞ்சு விழுந்துச்சு, பேங்க்ல போட்ட சொந்தக் காசையே எடுக்க முடியாம சனம் தெருவுல சட்டியைத் தட்டிக்கிட்டு நின்னுச்சு, ஜனாதிபதி ராஜினாமா பண்ணிட்டு ஹெலிகாப்டர்ல போனாரு. அந்த மாதிரி நேரத்துல பன்னெண்டு பேரு குழு யாரு நடத்துவா? இவங்க நடத்தினாங்க. ஞாயித்துக்கிழமை சான் தெல்மோ சந்தைத் தெருவுல பியானோவைத் தள்ளிட்டு வந்து வச்சு நடுரோட்டுல வாசிச்சிருக்காங்க. முதலாளி கிடையாது, கூட்டுறவு முறை, வர்றதைப் பங்கு போட்டுக்கிறது. இது புக்லியேசேகிட்ட இருந்து எடுத்துக்கிட்டது. அவரு கம்யூனிஸ்ட், 1939-ல ஆரம்பிச்ச தன்னோட குழுவையே கூட்டுறவாத்தான் நடத்தினாரு. கம்யூனிஸ்டா இருந்ததுக்காகப் பலமுறை ஜெயிலுக்குப் போனாரு, அவர் உள்ள இருக்கிற நாள்ல குழு அவர் இல்லாம வாசிக்கும், மூடின பியானோ மேல ஒரு சிவப்பு கார்னேஷன் பூ மட்டும் இருக்கும். கூட்டத்துக்குப் புரிஞ்சுடும். அவரோட லா யும்பா 1946-ல பதிவானது, அதுல யும்-பா யும்-பான்னு அடிக்கிற அந்தக் கனம்தான் இன்னைக்கு ஃபியர்ரோ மேடையில கேக்கிறதுக்கு நேரடி அப்பன்.

அதனாலதான் சொல்றேன், நவீன டேங்கோன்னா பியாசோலாவோட முடிஞ்சுச்சுன்னு நினைக்கிறது சரியில்ல. பியாசோலா மேதை, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அவரைத் தாண்டிப் போறதுக்கு வழியே இல்லன்னு அவருக்கு அப்புறம் வந்தவங்க ரொம்ப நாள் தவிச்சிருக்காங்க, எதை எழுதினாலும் அவரை மாதிரியே வரும். இந்தப் புதுத் தலைமுறை அவரைச் சுத்திட்டுப் பின்னாடி போய் புக்லியேசேவைப் பிடிச்சு, பெரிய ஆர்கெஸ்ட்ராவைத் திரும்ப எழுப்பி, அங்க இருந்து வேற பாதை போட்டுட்டாங்க. இன்னொரு பாதையும் இருக்கு, தியேகோ ஸ்கிஸ்ஸியோட அஞ்சு பேர் குழு, பியானோ, பந்தோனியான், வயலின், கிட்டார், டபுள் பாஸ். அதைக் கேட்டா எங்க அடுத்த அடி விழும்னே கணிக்க முடியாது, ஆனா ஒவ்வொரு வாக்கியமும் அந்த ஊர்க்காரன் பேசுற தொனியிலதான் இருக்கு. ரெண்டு குழுவுக்கும் சத்தத்துல சம்பந்தமே இல்ல. ரெண்டும் டேங்கோதான்.

ஆட்டத்தோட சேந்த நேரடி இசையும் கேட்டேன், அதையும் சொல்லிடறேன். டேங்கோ ஆடுற ராத்திரிகளுக்கும் மிலோங்கான்னுதான் பேரு, அங்க பெரும்பாலும் பழைய ரெக்கார்டுதான் போடுறாங்க. மூணு நாலு பாட்டு ஒரே ஆர்கெஸ்ட்ராவோடது, அதுக்குத் தாந்தான்னு பேரு, நடுவுல ஒரு சின்ன வேறு இசை, அப்போ ஜோடி மாறும். கண்ணால கேட்டு தலையசைச்சுத்தான் கூப்பிடுறாங்க, கிட்டப் போய் கை நீட்டுறதில்ல. நல்ல பழக்கம், எனக்குப் பிடிச்சுது. சான் தெல்மோல நான் போன இடத்துல நடுராத்திரிக்கு எல் அஃப்ரோந்தேங்கிற ஆர்கெஸ்ட்ரா ஏறுச்சு. அதுவரை ரெக்கார்டுக்கு ஆடிட்டு இருந்த அதே ஜோடிங்க நடையே மாறிடுச்சு. ரெக்கார்டு எங்க நிக்கும்னு அவங்களுக்கு மனப்பாடம், இங்க யாருக்கும் தெரியாது. பாடகர் ஒரு வரியை இழுத்தா அறுபது எழுபது பேரு ஒரு காலைத் தரையில வச்சபடி அப்படியே காத்திருந்து, பந்தோனியான் இறங்கின உடனே எல்லாக் காலும் ஒண்ணா நகருது. வயசான ஒருத்தர் ஆடாம மேடை ஓரமா நாற்காலி போட்டு, கண்ணை மூடிட்டு, பக்கத்து ஆள்கிட்ட ஒவ்வொரு பாட்டு முடிவுலயும் "இதான், இதான்"னு மட்டும் சொல்லிட்டு இருந்தாரு.

2009-ல யுனெஸ்கோ டேங்கோவை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு, அர்ஜென்டினா, உருகுவே ரெண்டு நாட்டுக்கும் சேத்து. நல்ல விஷயம்தான். ஆனா ஒரு இசையை உயிரோட வச்சிருக்கிறது பட்டியல் இல்ல, வாராவாரம் ஒத்திகைக்கு வர்ற ஆளுங்க, இரவல் பந்தோனியானைக் கொடுக்கிற வாத்தியாரு, டிக்கெட் எடுத்து வந்து உக்காந்து கேக்கிற கூட்டம், இவங்கதான். அபாஸ்தோவுல அந்த ஷெட்டுல நான் பாத்தது அதைத்தான். நேர்ல கேக்கிற டேங்கோவுக்கும் ரெக்கார்டு டேங்கோவுக்கும் நடுவுல இருக்கிற தூரம் ரொம்பப் பெருசு, நம்ம ஊர்ல நாதஸ்வரத்தை யூடியூப்லயும் கேட்டு, கோயில் வாசல்லயும் கேட்டவங்ககிட்ட கேட்டா தெரியும்.

யாராவது அந்தப் பக்கம் போறீங்கன்னா பயண நாளைப் போடறப்போவே ஒரு புதன்கிழமை ராத்திரி ஊர்ல இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க, காஃப்ல அன்னைக்கு அவங்க வாசிக்கிறாங்களான்னு முன்னாடியே செக் பண்ணிடுங்க, வெளியூர் டூர் போயிட்டாங்கன்னா வேற குழு இருக்கும், அதுவும் நல்லாவே இருக்கும். சீக்கிரம் போய் முன்னாடி மேஜை பிடிங்க, டபுள் பாஸ் இருக்கிற பக்கமா பாத்து. போக வாய்ப்பில்லாதவங்க ஃபெர்னாண்டஸ் ஃபியர்ரோவோட லைவ் வீடியோ தேடிப் பாருங்க, நல்ல ஹெட்போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி வச்சு. அப்புறம் அதே கையோட புக்லியேசேவோட லா யும்பா கேளுங்க, அப்புறம் அஸ்தியேரோ, அப்புறம் ஸ்கிஸ்ஸி. கேட்டுட்டு எது பிடிச்சுதுன்னு எனக்கும் சொல்லுங்க, குறிப்பா வயலினோ மிருதங்கமோ கத்துக்கிட்டவங்க, உங்க காதுக்கு அந்த தகிட தகிட தக எங்கெங்க மாறி விழுதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப ஆசை.